தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்: கெர்சி மேட்டுநிலத்து ஊர்மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்மேற்கு பிரான்சின் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலமான கோஸ்-து-கெர்சியின் சிற்றூர் மேயர்களுக்கும், மார்ச் 2026 தேர்தலில் வந்த மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தேர்தல் நடக்கும் ஆண்டில் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்ற ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு. மற்ற ஆண்டுகளில் ஏப்ரல் 15. அதற்காக மன்றம் கூடும்போது ஊரின் பழைய கட்டடங்களைப் பற்றிய பேச்சும் வரும். துவைதுறைக்குச் சிமெண்டு பூசிவிடலாம், குளத்தில் பொக்லைனை இறக்கித் தூர்வாரிவிடலாம், சரிந்த சுவரைக் கலவை போட்டு எழுப்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். அந்தப் பேச்சு தீர்மானமாக மாறுவதற்கு முன் படித்துப் பார்க்கும்படி, கல்லும் சுண்ணாம்பும் கையாளும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

பிரான்சில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள், அதாவது ஊராட்சிகள், உள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. லொத் மாவட்டத்தில் உள்ள நம் ஊர்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கில் அடங்குபவை. 1851 கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 2,96,000 பேர் வாழ்ந்தார்கள். இன்று 1,75,000 அளவில்தான். திராட்சைக் கொடிகளை அழித்த ஃபிலோக்செரா பூச்சியும், பிறகு போர்களும், நகரத்து வேலையும் ஊர்களைக் காலி செய்தன. ஆனால் அந்த மூன்று லட்சம் பேர் கட்டிய சுவர்களும் குளங்களும் தேவாலயங்களும் அப்படியே நிற்கின்றன. அவற்றைக் காக்கும் பொறுப்பு இன்று ஏழு பேரோ பதினொரு பேரோ கொண்ட ஒரு மன்றத்திடமும், வாரத்தில் சில மணி நேரம் மட்டும் வரும் ஒரு செயலரிடமும் இருக்கிறது. எல்லாவற்றையும் உங்களால் காப்பாற்ற முடியாது. முடியும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். கெடுக்காமல் இருப்பது மட்டும் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

நாங்கள் கேட்பது இதுதான்: முதல் ஆண்டில் எதையும் புதுப்பிக்காதீர்கள். ஒவ்வொரு மழைக்கும் குடை எடுத்துக்கொண்டு போய், தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று பாருங்கள்.

இந்த மண்ணின் இயல்பு அப்படி. அடியில் இருப்பது ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல். மழை மேலே நிற்பதில்லை. வெடிப்புகள் வழியாக இறங்கி நிலத்தடி ஆறுகளில் சேர்ந்துவிடுகிறது. 1889இல் குகை ஆய்வாளர் எதுவார் மார்த்தேல் பாதிராக் பெருங்குழிக்குள் இறங்கிப் பார்த்த ஆறு தரைமட்டத்துக்கு 103 மீட்டர் கீழே ஓடுகிறது. மேலே ஆடு மேய்க்கிறவருக்கு அதனால் ஒரு வாளித் தண்ணீர்கூடக் கிடையாது. ஆகவே இங்குள்ள ஒவ்வொரு பழைய கட்டுமானமும் மழையைப் பிடித்து வைக்கவோ அல்லது மழையைச் சேதமில்லாமல் கடந்து போக விடவோ எழுந்தது. குளம் பிடித்து வைக்கிறது. சுவரும் கூரையும் கடந்து போக விடுகின்றன. பிடிக்க வேண்டியதை ஓட்டை போடுவதும், விட வேண்டியதை அடைப்பதும்தான் கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் நாம் செய்த சேதம்.

குளத்திலிருந்து தொடங்குவோம். பாறையில் குடைந்த சிறு குளங்களை ‘புனித நாம்ஃபேஸின் ஏரிகள்’ என்று மக்கள் சொல்கிறார்கள். பேரரசர் சார்லமேனின் படையிலிருந்து விலகித் துறவியானவர் ஆடுமாடுகளுக்காக இவற்றைத் தன் கையால் வெட்டினார் என்பது கதை; கனியாக்-து-கோஸ் தேவாலயத்தின் நிலவறையில் அவருக்குக் கல்லறையும் இருக்கிறது. கதை எப்படியோ, நுட்பம் உறுதியானது. பாறையில் இயற்கையாக உள்ள பள்ளத்தைப் பெரிதாக்கி, வெடிப்புள்ள இடங்களில் களிமண்ணை மிதித்து அடைத்திருக்கிறார்கள். மண்ணில் வெட்டிய குளங்களுக்கு அடித்தளமே களிமண் படுகைதான்.

இங்கே அடிக்கடி நடக்கும் கேடு பொக்லைன். இயந்திரத்தை ஓட்டுபவருக்குச் சேறு எங்கே முடிகிறது, களிமண் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. வாளியின் பல் அரை நிமிடத்தில் படுகையைக் கிழித்துவிடும். அடுத்த கோடையில் குளம் வறண்ட பிறகு ‘காலநிலை மாறிவிட்டது’ என்பார்கள். தூர்வாரக் கையும் மண்வெட்டியும் போதும். கறுத்த, இளகிய, நாற்றமடிக்கும் சேறு வந்துகொண்டிருக்கும் வரை எடுக்கலாம். மண்வெட்டியில் ஒட்டி, உருட்டினால் திரளும் மஞ்சளோ சாம்பலோ நிற மண் வந்ததும் நிறுத்த வேண்டும்.

ஓர் ஆண்டில் பாதிக் குளம் மட்டும். மீதிப் பாதி அடுத்த ஆண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான் இதற்குக் காலம். பெரும்பாலான தவளைகளும் நீர்ப்பல்லிகளும் அதற்குள் கரையேறிவிடும். ஆனால் மருத்துவச்சித் தேரையின் தலைப்பிரட்டைகள் குளிர்காலத்தையும் நீரிலேயே கழிக்கக்கூடியவை. பாதியை விட்டு வைக்கச் சொல்வது அதற்காகத்தான். எடுத்த சேற்றை இரண்டு மூன்று நாள் கரையிலேயே போட்டு வைத்தால் அதில் சிக்கிய உயிர்கள் திரும்பிப் போகும், பிறகு அப்புறப்படுத்தலாம். இது வெறும் கருணை அல்ல. 2021 ஜனவரி 8 ஆணைப்படி இவ்வினங்கள் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

கசிவு இருந்தால் சிமெண்டு ஊற்ற வேண்டாம். அடியில் மண் அசையும்போது கான்கிரீட் பிளக்கும், பிளந்த இடம் கண்ணுக்கும் தெரியாது. ஈரக் களிமண்ணை 10 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு கொண்டு இடித்து, மொத்தம் 25, 30 சென்டிமீட்டர் வரை ஏற்ற வேண்டும். போட்ட களிமண் வெயிலில் காயக் கூடாது; காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். கரையில் தானாக முளைக்கும் வில்லோ, சாம்பல் மரக் கன்றுகளை விரல் தடிமனாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். வேர்தான் படுகையைத் துளைக்கிறது. அழகுக்காகத் தங்கமீன் விடும் வழக்கத்தையும் தடுத்து நிறுத்துங்கள். முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று ஒரே பருவத்தில் குளத்தை வெறுமையாக்கிவிடும்.

லிமோஞ் பக்கத்து ஊர்களில், வாரேர் போன்ற இடங்களில், இந்தக் குளங்களின் ஓரத்தில்தான் துவைதுறைகள் உள்ளன. எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு கற்பலகைகள் இறகு விரித்ததுபோல் நிற்பதால் ‘வண்ணத்துப்பூச்சித் துறை’ என்று பெயர். கல் சாய்ந்துவிட்டால் கான்கிரீட் பாதத்தில் நட்டு நிமிர்த்த வேண்டாம். அடியைத் தோண்டி, உடைகல்லையும் களிமண்ணையும் இறுக்கி, பழைய கோணத்திலேயே நிறுத்துங்கள். துவைத்து மழுங்கிய பரப்பு குளத்துப் பக்கமா, கரைப் பக்கமா என்று படம் எடுத்து வைத்துக்கொண்டு கல்லை அசையுங்கள். திருப்பி நட்ட கற்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீச்சி எக்காரணத்துக்கும் வேண்டாம். சுண்ணாம்புக்கல்லின் மேல்தோல் நூறாண்டில் இறுகியது. அது உரிந்தால் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி மழையையும் உறைபனியையும் நேரடியாக வாங்கும். பழுப்பும் மஞ்சளுமாகப் படரும் லைக்கன் கல்லுக்குப் பெரிய கேடு செய்வதில்லை, விட்டுவிடலாம். பாசி வழுக்கும் படிகளை மட்டும் தண்ணீரும் நைலான் தூரிகையும் கொண்டு தேயுங்கள்.

அடுத்தது சுவர். சாந்தில்லாமல் கல்லடுக்கும் கலையை 2018இல் யுனெஸ்கோ பிரான்ஸ் உட்பட எட்டு நாடுகளின் வாழும் மரபாகப் பட்டியலில் சேர்த்தது. பெருமைதான். ஆனால் சாலையோரப் புல்வெட்டி இயந்திரத்தின் கை அந்தப் பட்டியலைப் படிப்பதில்லை. ஆண்டுதோறும் மேல்வரிசைக் கல்லைத் தட்டிவிடுவது பெரும்பாலும் அதுதான். மேல்வரிசைக் கல், அதாவது மூடுகல், எடை கொடுத்துக் கீழுள்ளவற்றை அழுத்திப் பிடிக்கிறது; மழையைச் சுவரின் நடுவுக்குள் நேராக இறங்கவிடாமலும் தடுக்கிறது. இரண்டு மூடுகல் போனால் மூன்று குளிர்காலத்தில் ஒரு மீட்டர் சுவர் போகும். ஒப்பந்தக்காரரின் வேலை உத்தரவில் ‘சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு வெட்டுக’ என்று ஒரு வரி சேர்க்கச் செலவு எதுவும் இல்லை. மிச்சப் புல்லுக்கு ஆடு இருக்கிறது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையமுள்ள நம் கோஸ் ஆடுகளுக்காகத்தானே இந்தச் சுவர்களே எழுந்தன.

சரிந்த இடத்தைக் கட்டும் முறை: முதலில் கலைக்க வேண்டும், அதுவும் சரிந்த அளவுக்கு மேல். உடைப்பின் இருபுறமும் அசையாத கல் வரும் வரை படிப்படியாக இறக்குங்கள். கற்களைத் தரையில் பிரித்து வைக்கவும். அடிக்கல்லுக்குப் பெரியவை, முகக்கல்லுக்கு ஒரு பக்கம் சமமானவை, உள்நிரப்புக்குச் சிறியவை, மூடுகல் தனியே. சுவரை ஒட்டி ஒரு மீட்டர் நடைபாதை விடாவிட்டால் வேலையில் பாதி நேரம் கல்லைத் தாண்டிக் குதிப்பதில் போகும். பாறை தெரியும் வரை அல்லது இறுகிய மண் வரை அடியைத் தோண்டுங்கள். இந்த மேட்டில் பல இடங்களில் ஒரு சாண் ஆழத்திலேயே பாறை வந்துவிடும்.

அடியில் 70 சென்டிமீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரத்தில் 45 சென்டிமீட்டர் என்று மரச் சட்டம் ஒன்றை அடித்து இருபக்கமும் கயிறு கட்டினால் சாய்வு தவறாது. ஒவ்வொரு கல்லின் நீளமும் சுவருக்குள் போக வேண்டும். நீளத்தை வெளியே காட்டி வைத்தால் பார்வைக்குப் பெரிய கல்லாகத் தெரியும், ஆனால் பிடிமானம் இருக்காது. புதிதாகக் கட்டுபவர் செய்யும் முதல் தவறு இதுவே. இரண்டு கல்லின் இணைப்பு மேல் ஒரு கல் உட்கார வேண்டும். நேர்க்கோட்டில் இணைப்பு மேலேறினால் அந்தக் கோட்டிலேயே சுவர் பிளக்கும். சதுர மீட்டருக்கு ஒன்றாவது சுவரின் இருமுகத்தையும் தொடும் ஊடுகல் வேண்டும். உள்நிரப்பைக் கையால் ஒவ்வொன்றாக இறுக்கி வைக்கவும், மண்வாரியால் கொட்டக் கூடாது. மண்ணைக் கலந்து நிரப்பவே கூடாது. மண் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், உறைந்து ஊதும், சுவர் வயிறு தள்ளும்.

பழகிய ஒருவர் ஒரு நாளில் இரண்டு சதுர மீட்டர் கட்டினால் நல்ல வேலை. தன்னார்வலர் குழு அதில் பாதிதான் செய்யும். அதை முன்பே கணக்கில் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஏமாற்றம் இருக்காது. சாலையைத் தாங்கும் சுவர், ஆளுயரத்துக்கு மேற்பட்ட சுவர் ஆகியவற்றைத் தன்னார்வலரிடம் விடாதீர்கள். இந்தக் கல்கட்டுக்கென்றே தொழிற்சான்றிதழ் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களை அழையுங்கள்.

மேலே இரண்டு அங்குலம் சிமெண்டு போட்டு மூடினால் என்ன என்று கேட்பவர் உண்டு. சாந்தில்லாச் சுவர் அசைந்துகொண்டே இருக்கும் சுவர். குளிரில் சுருங்கி, மழையில் இறங்கி, தானே தன்னைச் சரிசெய்து உட்காரும். சிமெண்டு மூடி அசையாது. ஆகவே கீழே கல் இறங்கி மேலே மூடி தொங்கும். ஒருநாள் மூடி உடைந்து தன்னோடு ஒரு வரிசையை இழுத்துக்கொண்டு விழும். உடும்பன்ன பெரிய புள்ளிப்பல்லி முதல் சிறு பறவைகள் வரை சுவரிடுக்கில் குடியிருப்பவற்றுக்கும் அது வாசலடைப்பு.

வயல் நடுவே நிற்கும் கசேல் என்னும் கற்குடில்களுக்கும் இதே இலக்கணம்தான். உள்நோக்கி ஒவ்வொரு வரிசையும் சற்றே முன்தள்ளிக் கூம்பாக மூடும் கூரை அது. சாரம் வேண்டாம், மரம் வேண்டாம். முன்தள்ளிய ஒவ்வொரு கல்லும் வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. உள்சாய்வாக வைத்தால் மழை குடிலுக்குள் வடியும். உச்சிக்கல் காணாமல் போயிருந்தால் மற்ற எதையும் தொடுவதற்கு முன் அதை மூடுங்கள். வாசலின் மேல்கல் விரிசல் விட்டிருந்தால் மரத்தூண் முட்டுக் கொடுத்துவிட்டு, மக்களை உள்ளே விடாமல் கயிறு கட்டுங்கள். குடில் தனியார் நிலத்தில் இருக்கும். உரிமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் எடுக்க வேண்டாம்.

இனி சாந்துள்ள கட்டடங்கள்: தேவாலயம், பள்ளி, ரொட்டி அடுப்பு, பழைய பாதிரியார் வீடு. இங்கேதான் பணம் பெரிய அளவில் வீணாகிறது.

கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவருக்குள் எப்போதும் ஈரம் இருக்கும். தரையிலிருந்து ஏறும், மழையில் நனையும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரத்தை வெளியே விடக்கூடியது. ஆகவே ஈரம் இணைப்புகள் வழியாகவே வெளியேறும். உப்பும் அங்கேதான் படியும். காலப்போக்கில் சாந்து உதிரும், கல் பிழைக்கும். சிமெண்டு இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. இணைப்பு அடைபட்டதும் ஈரம் கல் வழியாக வெளியேறுகிறது, உப்பு கல்லுக்குள் படிகிறது, உறைபனி கல்லின் முகத்தைச் செதில் செதிலாகக் கழற்றுகிறது. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் சிமெண்டுக் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், கற்கள் உள்வாங்கியிருக்கும். தேவாலயச் சுவரின் அடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சிமெண்டு பூசினால் ஈரம் நின்றுவிடாது. அந்த ஒரு மீட்டரையும் தாண்டி மேலே ஏறி ஓவியத்தை நனைக்கும்.

இருக்கும் சாந்து எது என்று அறிய ஆணியால் கீறுங்கள். தூளாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. ஆணி வழுக்கினால் சிமெண்டு. சிமெண்டைக் கையுளியால் மட்டும் எடுக்கவும். வெட்டும் சக்கர இயந்திரம் கல்லின் ஓரத்தையும் சேர்த்துத் தின்னும். கல்லை உடைக்காமல் வர மறுத்தால் அப்படியே விடுவதுதான் அறிவு. அடிப்பூச்சை உரித்தபின் சுவரை ஓர் ஆண்டு சும்மா காய விடுங்கள். அந்த ஓர் ஆண்டுப் பொறுமைதான் மன்றத்தில் வாங்கக் கடினமானது. திறப்பு விழா நாளைக் குறித்துவிட்டுச் சுவரைக் காயச் சொல்ல முடியாது.

பிறகு பூச்சு. சந்துகளை அவற்றின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைத் துடைத்து, முதல் நாள் மாலையே சுவரை நன்றாக நனைக்கவும். உலர்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால் சாந்து இறுகாமல் பொடியாகும். கலவை, கன அளவில் ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு 0/4 மணல், அதாவது 4 மில்லிமீட்டர் வரை பருமனுள்ள மணல். மென்மையான கல்லுக்கு என்.எச்.எல். என்னும் இயற்கைச் சுண்ணாம்பின் 2ஆம் தரம், கடினமான கல்லுக்கு 3.5, என்.எச்.எல். 5 நம் சுவர்களுக்குப் பெரும்பாலும் மிகக் கெட்டி. ஊரின் பழைய பூச்சின் நிறம் மணலிலிருந்து வந்தது, சுண்ணாம்பிலிருந்து அல்ல. ஆகவே பக்கத்து மணலைத் தேடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே, பனி விழும் வாய்ப்புள்ள இரவுகளில், கொளுத்தும் வெயிலில் வேலை வேண்டாம். முடித்த சுவரை ஈரச் சாக்கால் மூடி, மூன்று நான்கு நாள் லேசாக நனைத்து வர வேண்டும்.

விலைப்பட்டியலைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் கண் வையுங்கள். ‘கலப்புச் சாந்து’ என்று எழுதியிருந்தால் சுண்ணாம்போடு சிமெண்டு சேர்த்தது என்று பொருள்; அடித்துவிடச் சொல்லுங்கள். பையின் மேல் என்.எச்.எல். என்று இருந்தால் இயற்கைச் சுண்ணாம்பு. எஃப்.எல். என்றோ எச்.எல். என்றோ இருந்தால் சிமெண்டோ வேறு பொருளோ சேர்ந்திருக்கலாம். மூன்று வகையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து விற்கின்றன.

தேவாலயத்தைப் பற்றித் தனியே சில சொற்கள். 1905 டிசம்பர் 9 சட்டத்தின் விளைவாக, அதற்கு முன் கட்டிய ஊர்த் தேவாலயங்கள் பெரும்பாலும் கொம்யூனின் சொத்து. ஆனால் அவை வழிபாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை. கூரை உங்களுடையது, உள்ளே நடப்பது பாதிரியாருடையது. கச்சேரி வைக்க வேண்டுமென்றால் அவருடைய இசைவு தேவை. மணிக்கூண்டுக்கு ஏற மேயரிடமும் சாவி இருக்க வேண்டும். எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே தேடிப் பாருங்கள். பல ஊர்களில் இறந்துபோன மணியடிப்பவரின் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆண்டுக்கு இரு முறை, இலையுதிர்ந்த பிறகும் வசந்தத்திலும், பீலிகளையும் (கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தொட்டிகள்) தண்ணீர்க் குழாய் வாய்களையும் சுத்தம் செய்யுங்கள். ஒரு நாள் கூலிதான். அடைபட்ட ஒரு பீலி ஐந்தே ஆண்டில் உத்திரத்தின் முனையை அழுக வைக்கும். ஓக் மரமானாலும் சுவருக்குள் இருக்கும் முனைதான் முதலில் போகும். புயலுக்குப் பிறகு தரையிலிருந்து தொலைநோக்கியால் ஓடுகளைப் பாருங்கள், நகர்ந்த ஓட்டைக் கொக்கியால் மாட்டுங்கள், சாந்து போட்டு ஒட்டாதீர்கள். சுவரடி வரை தார் போட்டிருந்தால் அரை மீட்டர் அகலத்துக்கு எடுத்துவிட்டுப் புல்லோ சரளையோ விடுங்கள். வடிகால் வெட்டச் சொல்பவரிடம் ஒரு கேள்வி: அடித்தளம் எவ்வளவு ஆழம்? தெரியாது என்றால் வெட்ட வேண்டாம். இடைக்காலச் சுவர்கள் பல அரை மீட்டர் ஆழத்தில்கூட நிற்கவில்லை. ஒட்டி ஆழமாக வெட்டிய கால்வாய் காலடி மண்ணையே எடுத்துவிடும்.

மணி தாங்கும் மரச்சட்டம் கோபுரச் சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். ஆட்டம் காண்கிறது என்று யாரோ அடித்த ஆப்புகளைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். மணி ஆடும் அதிர்வை அவை நேராகச் சுவருக்குக் கொண்டுபோகின்றன. புறாவுக்கு வலை போடும்போது வெளவாலுக்கும் கூகைக்கும் வழி விடவும். மணியோசை தொந்தரவு என்று புதிதாகக் குடிவந்தவர் கடிதம் போட்டால், நாட்டுப்புறத்தின் ஒலியும் மணமும் அதன் இயல்பில் சேர்ந்தவை என்று 2021 ஜனவரி 29 சட்டம் ஏற்றுக்கொண்டதை மரியாதையாகச் சொல்லலாம். அதைக் கொண்டு எல்லா வழக்கையும் வெல்லலாம் என்று எண்ண வேண்டாம்.

ரொட்டி அடுப்பு சிறிய விஷயம். உள்குவிமாடத்தைச் சிமெண்டால் ஒட்டினால் சூட்டில் வெடிக்கும். களிமண்ணும் மணலும்தான் அதற்குச் சாந்து. நெடுநாள் எரியாத அடுப்பைத் திருவிழாவன்று காலையில் முழுத்தீ மூட்டக் கூடாது. மூன்று நான்கு நாள் முன்பிருந்தே சிறு சுள்ளித் தீயாகத் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியேற்ற வேண்டும். கரி படிந்து கறுத்த குவிமாடம் வெளுக்கும்போது சூடு போதும். தணலை வாரி, ஈரத் துணியால் தரையைத் துடைத்து, சிறிது நேரம் மூடி வைத்து, ஒரு பிடி மாவைத் தூவிப் பாருங்கள். மெல்லச் சிவந்தால் ரொட்டியை விடலாம், உடனே கருகினால் காத்திருங்கள். வண்ணம் பூசிய பலகையும் பெட்டிக் கட்டையும் உள்ளே போகக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாமல் போகும் சொத்து ஒன்று உண்டு: சுவர்களுக்கு இடையே ஓடும் ஊர்ப் பாதைகள். கொம்யூன் சாலையைப் போல் அல்லாமல், ‘ஷெமான் ரூரால்’ எனப்படும் நாட்டுப்புறப் பாதை கொம்யூனின் தனிச் சொத்துக் கணக்கில் வருகிறது. ஆகவே முப்பது ஆண்டு ஒருவர் வேலியடைத்து அனுபவித்தால் அது அவருடையதாகிவிடலாம். 2022 பிப்ரவரி 21 சட்டம் ஒரு வழி தருகிறது. ஊர்ப் பாதைகளைக் கணக்கெடுக்க மன்றம் தீர்மானம் போட்டால் அந்த முப்பதாண்டுக் கடிகாரம் நின்றுவிடும். பொது விசாரணை நடத்தி இரண்டாண்டுக்குள் இறுதித் தீர்மானம் போட வேண்டும். நெப்போலியன் காலத்து நிலப்பட வரைபடங்கள் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றோடு இன்றைய படத்தை ஒப்பிட்டு, சுவர்த்தடத்தில் நடந்து பார்க்கப் பத்துப் பேரும் ஒரு குளிர்காலமும் போதும். ஃபேசெல் முதல் கஜார்க் வரையிலான யாத்திரைப் பாதை 1998 முதல் உலக மரபுப் பட்டியலில் இருக்கிறது. அதைத் தொட யாரும் துணிய மாட்டார்கள். அதன் கிளைவழிகளைத்தான் இழக்கிறோம்.

பணத்துக்கு வருவோம். அரசின் கிராமப்புற மானியமான டெத்ர், மாவட்டம், வட்டாரம், 1996இல் உருவான மரபு அறக்கட்டளை வழியான மக்கள் நன்கொடை, 2018இல் தொடங்கிய மரபு லாட்டரி என்று வாசல்கள் பல. எதைத் தட்டினாலும் விண்ணப்பத்தைக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். அவசரத்தில் விலைப்பட்டியலில் கையெழுத்திட்டாலே வேலை தொடங்கியதாகக் கொண்டு மானியம் போய்விடக்கூடும். பொது மானியங்கள் எத்தனை சேர்ந்தாலும், சில விதிவிலக்குகள் தவிர, செலவில் 20 விழுக்காடு கொம்யூனே போட வேண்டும்.

ஒரு கணக்கு. வரியில்லாமல் 30,000 யூரோ வேலை. மானியம் உச்சமாக 24,000. உங்கள் பங்கு 6,000. ஆனால் கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டியது வரியோடு 36,000. மானியத்தின் பெரும்பகுதி பில் கட்டிய பிறகே வரும். வரிக்கு ஈடாக, அந்த 36,000இல் அரசு திருப்பித் தரும் 16.404 விழுக்காடு, அதாவது 5,905 யூரோ, இன்னும் பிந்தி வரும். 200 பேர் ஊரின் கையிருப்பு இந்த இடைவெளியில்தான் மூச்சு முட்டும். முதலில் கடன் வசதியைப் பேசிவிட்டு வேலையை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். மரபு அறக்கட்டளைக்கு நன்கொடை தருபவருக்கு வருமான வரியில் 66 விழுக்காடு கழிவு உண்டு என்பதைச் சுற்றறிக்கையின் முதல் வரியில் எழுதுங்கள், கடைசி வரியில் அல்ல. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்துக்கு 500 மீட்டருக்குள் இருந்தால் அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்து தேவை, முன்னறிவிப்பு மனுவுக்கு ஒரு மாதக் காத்திருப்பு இரண்டு மாதமாகும். அவரை எதிரியாக நினைக்க வேண்டாம். மனு போடுவதற்கு முன்பே அழைத்து வந்து சுவரைக் காட்டினால் பாதி வேலை முடியும்.

தன்னார்வலர்களைப் பற்றி: கொம்யூன் அழைத்து, கொம்யூனின் வேலையைச் செய்பவருக்கு அடிபட்டால், கொம்யூனிடம் தவறில்லாவிட்டாலும் பொறுப்பு உங்களுடையதே. சேன்-பிரியெஸ்த்-லா-பிளேன் என்ற சிற்றூரின் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு உதவி காயமடைந்தவர்கள் வழக்கில் 1946 நவம்பர் 22 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கோன்செய் தெத்தா இப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆகவே கல் தூக்கும் நாளுக்கு முன் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம், வருபவர் பெயர்ப் பட்டியல், கையுறை, கண்ணாடி, கனத்த காலணி. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் சுடும். வேலையிடத்தில் சுத்தமான தண்ணீர்க் குடம் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

மேயர் மாறும்போது ஊர் ஆவணங்களைச் சரிபார்த்து இருவரும் கையெழுத்திடும் வழக்கம் கடமை, சடங்கல்ல. பழைய குளத்தின் ஒப்பந்தம், அடுப்புக்குக் கல் கொடுத்தவரின் ரசீது எல்லாம் அந்த அலமாரியில்தான். அட்டைப்பெட்டியோடு கீழ்த்தளத்தில் வைத்திருந்தால் இன்றே மேலே ஏற்றுங்கள்.

ஆகவே முதல் ஆண்டுக்கு நாங்கள் கேட்பவை: பீலி சுத்தத்துக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் கூலி, பாதைக் கணக்கெடுப்புக்கு ஒரு தீர்மானம், புல்வெட்டும் உத்தரவில் அந்த 30 சென்டிமீட்டர் வரி, எல்லாக் குளம், சுவர், குடில்களின் படங்களோடு ஒரு குறிப்பேடு. பெரிய செலவு எதுவும் இல்லை. குளத்தைப் பார்த்ததும் ஆகஸ்டிலேயே மண்வெட்டியோடு இறங்கத் துடிக்கும் உறுப்பினர் ஒவ்வொரு மன்றத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்குச் செப்டம்பர் கடைசி வரை மணிக்கூண்டுச் சாவியைத் தேடும் வேலையைக் கொடுங்கள்.

அன்புடன்,
கெர்சி மேட்டுநிலத்தில் கல்லும் சுண்ணாம்பும் கையாள்வோர்